அத்திமரத்தடியில் நில்

சான்டா இனெஸ் பள்ளத்தாக்கு
28 ஆகஸ்ட் 2016

அன்புள்ள ராய்ஸ்,

வருகிறேன் என்று நீ அனுப்பிய அட்டையை டெலியா ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். "மாமா வர்றாரும்மா. நீ எதையாவது சொல்லிக் கெடுத்துடாத" என்று எனக்கு எச்சரிக்கை வேறு. எங்கள் திராட்சைத் தோட்டத்து ஒயினை அவள் தன் பொறுப்பில் செய்யும் முதல் வருஷம் இது. அக்டோபர் முதல் தேதி அறுவடை விருந்தில் மாமா இருந்தே ஆக வேண்டுமாம். போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் கத்திவிடுகிறோம். அதனால் எழுதுகிறேன்.

காரில் வராதே. இந்தப் பக்கத்து ஊர்களில் இரண்டு கடைக்கு ஒன்று ஒயின் ருசி பார்க்கும் கடை. வாசலில் நாற்காலி போட்டுக் கூப்பிடுகிறார்கள். ரயிலில் வா. கிளாமத் ஃபால்ஸில் இரவு ஏறினால் மறுநாள் சாயங்காலம் சான்டா பார்பரா. வலது பக்கம் உட்கார், கடைசி இரண்டு மணி நேரம் கடல் ஜன்னலை ஒட்டியே வரும். சாண்ட்விச் கையோடு கொண்டு வா. கீழ்த்தட்டுச் சிற்றுண்டிக் கடையில் பீரும் விற்கிறார்கள்.

நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் கடல் பக்கம் திரும்பாதே. அங்கிருந்த பழைய கிடங்குகளையெல்லாம் ஒயின் கடைகளாக்கிவிட்டார்கள். எதிர்ப்பக்கம் நெடுஞ்சாலை ஓரத்தில் பிரம்மாண்டமான ஓர் அத்திமரம் இருக்கிறது. யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். அதன் அடியில் நில். நான் வந்து அழைத்துக்கொள்கிறேன்.

ஸ்வெட்டர் மறக்காதே. நகரத்தில் காலையில் பனிமூட்டம், மதியம்தான் வெயில். பள்ளத்தாக்கில் பகல் கொளுத்தும், பொழுது சாய்ந்தால் நடுங்கும். அறுவடை நேரம் என்பதால் வீட்டில் இடமில்லை. நகரத்தின் மேல்கோடியில் உனக்கு ஒரு மோட்டல் பார்த்திருக்கிறேன். அறையில் ஃபிரிட்ஜ் கிடையாது, கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

விருந்தில் டெலியா பேசத் தொடங்கும்போது எல்லோரும் கோப்பையைத் தூக்குவார்கள். உனக்கு மட்டும் திராட்சைச் சாறு, என் கையாலேயே எடுத்து வைக்கிறேன்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. டெலியாவின் பட்டமளிப்பு விருந்தில் நடந்தது இன்னொரு முறை நடந்தால், கிராண்ட் வாயைத் திறக்குமுன் நானே சொல்லிவிடுவேன், இனி இந்த வீட்டுப் பக்கம் வராதே என்று. என் கணவர் சொல்லி நீ கேட்பதைவிட நான் சொல்லிக் கேட்பது மேல்.

பாசத்துடன்,
கோரின்


கிளாமத் ஃபால்ஸ்
4 செப்டம்பர்

அன்புள்ள கோரின்,

உன் பயணக் குறிப்புகள் கிடைத்தன. குடிகாரனுக்கு இதைவிட நல்ல வழிகாட்டியை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். எங்கெங்கே கடை இருக்கிறது என்பது இப்போது எனக்கு மனப்பாடம். குடியை விட்டவர்கள் கூடும் கூட்டத்தில் என்னைக் கவனித்துக்கொள்கிற வால்ட்டிடம் படித்துக் காட்டினேன். "உன் தங்கச்சிக்கு சுற்றுலாத் துறையில வேலை வாங்கிக் குடுக்கலாம்டா" என்று விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அவங்க சொல்ற மாதிரியே போ" என்றார்.

அப்படியே வருகிறேன். வலது பக்க ஜன்னல். சாண்ட்விச். அத்திமரம். கடலோர ஊருக்கு வந்துவிட்டுக் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கப் போகிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஐந்து அறை உள்ள வீட்டில் எனக்கு இடமில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஃபிரிட்ஜ் இல்லாத அறைதான் கொஞ்சம் அதிகம். ஃபிரிட்ஜில் வைக்கும் பாலைப் பார்த்துக்கூடவா பயப்படுகிறாய்?

பட்டமளிப்பு நாளை நீ ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. மேஜை சரிந்தபோது டெலியாவின் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். போன அக்டோபரிலிருந்து ஒரு சொட்டுக்கூட இல்லை. அதை நீ நம்ப வேண்டும் என்று கேட்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். என்னைப் பார்த்ததும் கட்டிக்கொள்வாய். அப்போது மூச்சை உள்ளே இழுக்காதே. ஒவ்வொரு முறையும் நீ முகர்ந்து பார்ப்பது எனக்குத் தெரிகிறது.

அன்புடன்,
ராய்ஸ்


சான்டா இனெஸ் பள்ளத்தாக்கு
22 செப்டம்பர்

அன்புள்ள ராய்ஸ்,

முகர மாட்டேன். அப்படிச் செய்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது. எழுதிவிட்டு யோசித்தேன், தெரியும்தான்.

இங்கே மூச்சுவிட நேரமில்லை. விடிவதற்கு முன் பறிப்பு தொடங்கிவிடுகிறது. நேற்றுக் கடைசி வெள்ளைத் திராட்சையைப் பிழிந்தோம். ஆலையிலிருந்து வழிந்ததில் உனக்கென்று ஒரு ஜாடி பிடித்து வைத்துவிட்டேன். தேன் மாதிரி இருக்கிறது. ஃபிரிட்ஜ் முழுக்க விருந்துக்கான மாட்டிறைச்சி. அதனால் ஜாடியை நிலவறையில், பீப்பாய்களுக்குப் பக்கத்தில் குளிர்ச்சியாக வைத்திருக்கிறேன். "மாமாவோடது, தொடாதீங்க" என்று டெலியா சீட்டு எழுதி ஒட்டிவிட்டாள்.

நேற்று ஒரு நாள் முழுக்க அவள் ஒயினை விழுங்காமல் ருசி பார்த்துத் துப்பிக்கொண்டே இருந்தாள். நான் கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் எங்களையெல்லாம் நீ கேலி செய்வாயே, "இவ்ளோ காசு போட்டு வாங்கித் துப்புற ஊரு" என்று. அதை அவளிடம் சொன்னேன். "மாமாவுக்கும் சொல்லிக் குடுக்கறேன்" என்கிறாள்.

வெள்ளிக்கிழமை அத்திமரத்தடியில் பார்க்கலாம்.

கோரின்


சான்டா இனெஸ் பள்ளத்தாக்கு
3 அக்டோபர்

ராய்ஸ்,

டெலியா பேசி முடிக்கக்கூட நீ காத்திருக்கவில்லை. எல்லோரும் கோப்பையைத் தூக்கியபோது நீயும் தூக்கினாய். அதன் பிறகு எழுந்து போனாய். ரோஜாச் செடிகளைத் தாண்டும்போது உனக்குக் கால் தடுமாறியதை நான் பார்த்தேன். கிராண்டும் பார்த்தார். பேச்சை முடித்துவிட்டு டெலியா உன் நாற்காலியைத் தேடினாள். "மாமா எங்கம்மா?" என்று கேட்டாள். கூட்டத்துக்கு முன்னால் நான் என்ன சொல்ல முடியும்?

உன் கோப்பையை எடுத்து முகர்ந்தேன். மன்னித்துக்கொள், முகர்ந்தேன். சாறு இல்லை அது. எப்போது மாற்றினாய்? என் கண்ணெதிரே உட்கார்ந்துகொண்டு எப்படி மாற்றினாய்?

இறைச்சி சுட்ட எலிசியோதான் தன் வண்டியில் உன்னை இறக்கிவிட்டாராம். எங்கே என்று கேட்டேன். "ரயில் நிலையம் பக்கத்துலதாங்க கேட்டாரு. மூஞ்சி வெளுத்துப் போயிருந்துச்சு, நான் ஒண்ணும் கேட்டுக்கலை" என்றார். ரயில் நிலையத்துப் பக்கம் என்ன இருக்கிறது என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தானே. மோட்டலுக்குப் போன் செய்தேன். அன்று இரவு நீ திரும்பி வரவே இல்லை என்றார்கள்.

வெள்ளிக்கிழமை அந்த மரத்தடியில் நீ சட்டையை இன் பண்ணிக்கொண்டு, தலையைப் படிய வாரி, பள்ளிக்கூடப் பையன் மாதிரி நின்றாய். வண்டியை நிறுத்திவிட்டு நான் சிறிது நேரம் இறங்கவே இல்லை, அழுதுகொண்டிருந்தேன். அதுதான் எனக்கு இப்போது ஆறவில்லை.

முதல் கடிதத்தில் சொன்னதைத் திரும்ப எழுத மாட்டேன். உனக்கு ஞாபகம் இருக்கும்.

கோரின்


கிளாமத் ஃபால்ஸ்
9 அக்டோபர்

கோரின்,

நான் எதையும் மாற்றவில்லை. நீ ஊற்றியதைத்தான் வாயில் வைத்தேன்.

ஜாடியைச் சாய்த்தபோது நுரை பொங்கியது. நீ டெலியாவைப் பார்த்துக்கொண்டிருந்தாய். வாயில் வைத்ததும் என் நாக்குக்கு முன்னால் கழுத்து நரம்புகளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் சூட்டை அவை மறக்கவே இல்லை. பீப்பாய்களெல்லாம் பொங்கிக்கொண்டிருக்கிற நிலவறையில் பத்து நாள் திராட்சைச் சாற்றை வைத்தால் அது புளித்து ஒயினாகிவிடும் என்று, உங்கள் ஊரில் நடைபழகும் குழந்தைக்குக்கூடத் தெரியுமே. நீ அதை முகராமல் இருந்ததற்கு எனக்குத் தெரிந்து ஒரே காரணம்தான். உங்கள் வீட்டில் எல்லாமே அந்த வாசனைதான்.

நான் விழுங்கவில்லை. டெலியா அப்போது தன் முதல் ஒயினைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். "இது சாறு இல்ல" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நாள் மறுபடியும் என்னுடையதாக ஆகியிருக்கும். அதனால் வாயை மூடிக்கொண்டு எழுந்து போனேன். ரோஜாச் செடி அடியில் துப்பினேன். துப்புகிற ஊரில் கடைசியில் நானும் துப்பக் கற்றுக்கொண்டேன் என்று அவளிடம் சொல். கால் தடுமாறியது உண்மை. பயத்தில்.

அப்படியே ரயில் ஏறிவிடலாம் என்றுதான் நிலையம் பக்கம் கேட்டேன், ஆனால் அன்று இரவு ரயில் இல்லை. எலிசியோ கடைகளுக்கு எதிரில்தான் இறக்கிவிட்டார். ஒவ்வொரு கடையிலும் விளக்கு, பாட்டு, சிரிப்பு. மோட்டலுக்குப் போவதென்றால் அவற்றையெல்லாம் தாண்டி நடக்க வேண்டும். என்னால் முடியாது என்று தெரிந்தது. நீ சொன்ன அத்திமரத்தடிக்குப் போய் வால்ட்டுக்குப் போன் செய்தேன். "அங்கயே உக்காரு. ஒரு அடி நகராத" என்றார். நகரவில்லை. அங்கே படுத்துக்கிடந்த ஒருவர் பாதிப் போர்வையை எனக்குக் கொடுத்தார். ஸ்வெட்டரும் இருந்தது. மறுநாள் மதிய ரயிலில் ஏறினேன்.

என்னைத் தேடி யாரும் அங்கே வரவில்லை. என்னை அந்த மரத்தடியில் தேடத் தெரிந்த ஒரே ஆள் நீ. மோட்டலுக்குப் போன் செய்திருக்கிறாய். மரத்தடிக்கு வரவில்லை.

ராய்ஸ்


சான்டா இனெஸ் பள்ளத்தாக்கு
16 அக்டோபர்

அன்புள்ள ராய்ஸ்,

உன் கடிதத்தைப் பிடித்துக்கொண்டே நிலவறைக்குப் போனேன். விருந்துக்குப் பின் திரும்பக் கொண்டுபோய் வைத்த ஜாடியின் மூடி தானாகத் தெறித்துத் தரையில் கிடந்தது. டெலியாவின் சீட்டு ஈரத்தில் ஊறியிருந்தது. குனிந்து முகர்ந்தேன், ஒன்றும் தெரியவில்லை. வெளியே முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்து முகர்ந்தேன். அப்போதுதான் தெரிந்தது. உன்னைக் கட்டிக்கொள்ளும் போதெல்லாம் முகர்ந்தவள், உனக்குக் கொடுப்பதை ஒருமுறை முகர்ந்து பார்க்கவில்லை.

கிராண்டிடம் சொன்னேன். "நானும்தான் பாத்தேன், நானும்தான் முடிவு பண்ணேன்" என்றார். டெலியா அழவில்லை. கோபம். "மாமா எனக்காக வாயை மூடிக்கிட்டுப் போனாரு. நீ அவரைத் தேடிக்கூடப் போகலையாம்மா?" என்றாள். விருந்தாளிகளை விட்டு எப்படிப் போவது என்று அன்று நினைத்தேன். அது பதில் ஆகாது.

ஜனவரியில் வா. அப்போது கிளை வெட்டும் வேலை மட்டும்தான், கூட்டம் இருக்காது. மழை வரலாம், நல்ல காலணி போட்டுக்கொள். காரிலோ ரயிலிலோ, உன் இஷ்டம். நிலையத்திலிருந்து கடல் பக்கமே திரும்பு. கடலைப் பார். எங்கே திரும்பக் கூடாது என்று இந்த முறை நான் எதுவும் எழுதவில்லை. வீட்டில் இடம் இருக்கிறது, எப்போதும் இருந்தது.

வருவாயா என்று தெரியாமல் எழுதுகிறேன். ரயில் எவ்வளவு தாமதமானாலும் மரத்தடியில் நான் நிற்பேன்.

உன்
கோரின்


(கடல் படம் போட்ட அட்டை)
30 அக்டோபர்

கோரின்,

இந்த அட்டையை அன்று ரயில் நிலையத்தில் வாங்கினேன், உனக்கு அனுப்புவதா வேண்டாமா என்று தெரியாமலே.

ஜனவரி, இரண்டாவது வெள்ளிக்கிழமை. வலது பக்க ஜன்னல் சொல்லியாகிவிட்டது. மரத்தடியில் அந்தப் போர்வைக்காரர் இருந்தால் அவருக்கும் ஒரு ஸ்வெட்டர் கொண்டு வா. டெலியாவின் ஒயினை நான் முகர்ந்து மட்டும் பார்ப்பேன் என்று சொல்.

குடிக்க எனக்கென்று எதுவும் எடுத்து வைக்காதே. குழாயில் நானே பிடித்துக்கொள்கிறேன்.

ராய்ஸ்