மாதாவுக்கு ஒரு மேசை

1975 ஒக்ரோபர் 5, ஞாயிறு

மூன்று குவியல்கள். கொண்டுபோவது. கொடுப்பது. மூன்றாவதற்குப் பெயர் இல்லை. அதுதான் பெரிதாகிக்கொண்டு போகிறது.

சாம்பியாவில் கணிதம் படிப்பிக்கும் வேலை. மூன்று வருட ஒப்பந்தம். இருபத்தேழாம் திகதி காலை ரயில். விமானத்தில் இருபது கிலோ. பேராதனைக்குப் படிக்கப் போனபோது கொண்டுபோன தகர றங்குப்பெட்டியே வெறுமையாக ஐந்து கிலோ நிறுக்கிறது.

வீட்டை அடுத்த மாதத்திலிருந்து தபால் கந்தோர் சிவசுப்பிரமணியத்துக்கு வாடகைக்குப் பேசியாயிற்று. அப்பா நறுவிலிக்குளத்தில் அண்ணன் வீட்டில் இருப்பார். நெல் வைக்கிற அறையைத் துப்புரவாக்கி வெள்ளையடித்துவிட்டதாக அண்ணன் எழுதியிருக்கிறான். வாசித்துக் காட்டினேன்.

"நல்லந்தானே அப்பா?"

"ஓம் பிள்ளை."

ஐம்பது வருடம் கடலுக்குப் போன மனிதர். நறுவிலிக்குளத்தில் குளம் உண்டு.

ஒக்ரோபர் 9

எருக்கலம்பிட்டியிலிருந்து பழைய சாமான் வாங்கும் சாஹுல் ஹமீட் வண்டியோடு வந்து அலுமாரி, நான்கு கதிரை, மேசைகள் எல்லாம் ஏற்றிப் போனார். அலுமாரி தேக்கு என்றார் அப்பா. "கறையானுக்கும் அதைத்தான் சொன்னனீங்களோ?" என்று அவர் கேட்க, அப்பாவும் சிரித்தார்.

சுவரோரம் நின்ற சின்ன மேசையையும் கொடுப்பமா என்று கேட்டேன். ஓம் என்றார். அதில் காய்ந்திருந்த மெழுகை நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். விற்கிற பொருளை இவ்வளவு துப்புரவாக்க வேண்டுமா? பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு கயிற்றின் மறுமுனையை அவரே பிடித்துக் கட்டினார்.

ஒக்ரோபர் 10

மேசை நின்ற இடத்தில் நான்கு கால் அடையாளம். அப்பா அதை மிதிக்காமல் சுற்றி நடக்கிறார்.

ஒக்ரோபர் 16

செபமாலை மாதம். மாதா சுரூபம் ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டில் தங்கும். அந்த வீட்டார் மறுநாள் காலை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். எங்கள் வீட்டுக்கு எப்போதும் இருபத்துநாலாம் திகதி. நான் பிறப்பதற்கு முதலே அப்படி.

பக்கத்து வீட்டு எடித் அக்கா வேலிக்கு மேலால் சொன்னா: இந்த முறை தன் வீட்டிலிருந்து மாதா நேரே பெற்றிசியா வீட்டுக்காம். பட்டியலில் எங்கள் வீடு இல்லையாம்.

ஆறு வருடமாக எனக்கு இதில் எதிலும் நம்பிக்கை இல்லை. அம்மாவின் அடக்கத்துக்குப் பிறகு கோயிலுக்குள் போகவில்லை. பெயரை வெட்டினால் எனக்கென்ன?

ஆனால் நாங்கள் இன்னும் போகவில்லையே. உள்ளே ஆள் இருக்கும்போதே—

அப்பாவிடம் சொல்லவில்லை.

ஒக்ரோபர் 18

கோயில் மூப்பர் அமிர்தநாயகம் மாமாவிடம் போனேன். வழியெல்லாம் வசனம் தயாரித்துக்கொண்டு. ஆள் இருக்கிற வீட்டை ஆளில்லாத வீடு என்று எப்படி எழுதலாம், முப்பது வருட வழக்கத்தை யாரைக் கேட்டு மாற்றினீர்கள். எல்லாம் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, நானாய் வெட்டேல்லை. உன்ரை அப்பாதான் வந்து வெட்டச் சொன்னவர். மாதாவை வைக்க வீட்டில ஒரு மேசையும் இல்லையாம். நிலத்தில வைக்கேலுமோ எண்டு கேட்டார்."

பிறகு அவரே கேட்டார்.

"நீ கணக்குப் படிச்சனி. வீட்டில எத்தினை மேசை கிடந்தது எண்டு தெரியாதோ?"

அந்த மெழுகு.

ஒக்ரோபர் 19

விப்பமா அப்பா. போவமா அப்பா. நல்லந்தானே அப்பா. எல்லாக் கேள்வியிலும் பதிலையும் நானே வைத்துக் கேட்டிருக்கிறேன். வகுப்பில் இப்படிக் கேட்கமாட்டேன்.

பின்னேரம் மறுபடி மூப்பரிடம் போய்ப் பெயரைச் சேர்க்கச் சொன்னேன். எதில் வைப்பாய் என்றார். இருக்கு என்றேன். என்ன இருக்கிறது?

ஒக்ரோபர் 21

மேசையைத் திரும்ப வாங்க எருக்கலம்பிட்டிக்குப் போனேன். சாஹுல் ஹமீட் கையை விரித்தார். "ரீச்சர், அது இப்ப இலுப்பைக்கடவையில ஆருக்கோ சோறு போடுது."

ஒக்ரோபர் 24, வெள்ளி

றங்குப்பெட்டியைச் சுவரோரம் இழுத்து, அந்த நான்கு அடையாளத்தின் மேல் வைத்து, அம்மாவின் வெள்ளைச் சேலையை விரித்தேன். அப்பா சேலையின் ஒரு மூலையை இழுத்துச் சரிசெய்தார். மாதாவை இருத்திய பிறகுதான் ஞாபகம் வந்தது. பாஸ்போட்டும் ரிக்கற்றும் பெட்டிக்குள்.

பின்னேரம் அயல் எல்லாம் வந்தது. கதிரை இல்லை, எல்லோரும் பாயில். அப்பாதான் செபமாலை சொன்னார். என் வாயும் சொன்னது. மறக்கவில்லை. அது செபமா? தெரியாது.

கடைசியில் இன்னாருக்காக என்று கருத்துச் சொல்லி வேண்டும்போது என் பயணத்தைச் சொல்வார் என்று காத்திருந்தேன்.

"இந்த வீட்டுக்காக" என்றார். நிறுத்திவிட்டார். எல்லோரும் காத்திருந்தார்கள். பிறகு, "போற பிள்ளைக்காகவும்."

ஒக்ரோபர் 25

காலையில் மாதாவைப் பெற்றிசியா வீட்டில் கொடுத்துவிட்டு வந்து அப்பா வாசலில் நின்றார். கேட்டேன்.

"அப்பா, எங்க இருக்க உங்களுக்கு விருப்பம்?"

என் பக்கம் திரும்பினார்.

"இதை இப்பவோ கேக்கிறாய்?"

பிறகு, "இங்கதான். நீ போ. எனக்காக நிண்டியோ, பிறகு நான் உன்ரை முகத்தைப் பாக்கேலாது."

அண்ணனுக்கு என்ன சொல்லுறது. சிவசுப்பிரமணியத்துக்கு என்ன சொல்லுறது. போறதோ நிக்கிறதோ. ரயில் நாளைக்கு மற்றநாள். ஏன் முதலே சொல்லேல்லை எண்டு அவரில கோவம் வருது. ஏன் முதலே கேக்கேல்லை?

ஒக்ரோபர் 26

சிவசுப்பிரமணியம் தனி ஆள். அப்பாவும் இங்கேயே இருக்கட்டும், தனக்கு முன்னிரண்டு அறை போதும் என்றார். தனியச் சாப்பிடுவது தனக்கும் பிடிக்காதாம். ஒருவர் இவ்வளவு இலகுவாகச் சம்மதித்தால் சந்தேகமாக இருக்கிறது. அப்பாவின் ஓம் ஞாபகம் வருகிறது.

அண்ணன் வந்தான். "வெள்ளையடிச்சதை என்ன செய்யிறது?" என்று என்னைத்தான் கேட்டான். தேத்தண்ணீர் குடிக்காமல் போய்விட்டான்.

சாமான்களை எடித் அக்காவின் தோல்பைக்கு மாற்றினேன். பெட்டி இங்கேயே நிற்கட்டும் என்றேன். அப்பா மூடியில் கையை வைத்து ஆட்டிப் பார்த்தார்.

"வெறும் பெட்டி ஆடும் பிள்ளை. பாரமா ஏதும் போடு."

மூன்றாவது குவியல் முழுவதையும் அதற்குள் போட்டேன். ஆடவில்லை.

ஒக்ரோபர் 27

ரயில் வந்தது. அப்பா கை காட்டவில்லை. ரயிலின் நீளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நவம்பர் 23, லுசாக்கா

சிவசுப்பிரமணியத்தின் கையெழுத்தில் அப்பாவின் கடிதம். அண்ணன் இன்னும் வரவில்லை. மழை பிடித்துவிட்டது. பெட்டிக்கு ஒரு பூட்டுப் போட்டிருக்கிறாராம், திறப்பு தன்னிடமாம்.

இங்கே ஆசிரியர் விடுதியில் எனக்கு இரண்டு மேசை தந்திருக்கிறார்கள். ஒன்றில் எழுதுகிறேன். மற்றதில் இன்னும் ஒன்றும் வைக்கவில்லை.