பவளம் மச்சாளின் படத்தோடு வந்தவர்கள்

என் அண்ணைக்கு மனைவியாக வந்து, எனக்கு அவரைவிட நெருக்கமாகிப்போன பவளம் மச்சாளுக்கு,

முதலில் தேர்தல் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் வேறு எதைச் சொன்னாலும் உங்கள் காதில் ஏறாது. உங்கள் நீலக் கட்சி தோற்றுவிட்டது. சுற்றியுள்ள வட்டாரங்களில் எல்லாம் வென்ற கட்சி, நீங்கள் செருப்புத் தேய நடந்த இந்த லண்டன் குட்மேய்ஸ் தெருக்களில் மட்டும் தோற்றுப்போனது. கேட்டதும் எனக்குச் சந்தோசமாக இருந்தது. கோபிக்கிறீர்களா? கோபியுங்கள். நானும் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

யார்மேல் கோபம் என்று கேட்பீர்கள். கட்சிமேல். எங்கள் சனங்கள்மேல். அண்ணைமேல். உங்கள்மேலும்தான் மச்சாள். செத்தவர்களோடு கோபிக்கக் கூடாது என்று யாராவது சொன்னால், செத்தவர்களின் படத்தைக் காட்டி வாக்குக் கேட்கலாமா என்று நான் திருப்பிக் கேட்பேன்.

உங்களைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். நீங்களும் அண்ணையும் ஸ்டேஷனுக்குக் கிட்ட ஒரு பேப்பர் கடை வைத்திருந்தீர்கள். ஒருநாள் உள்ளூராட்சிக் கவுன்சில் வந்து கடை வாசலில் மஞ்சள் கோடு போட்டது. கார் நிறுத்த இடமில்லாமல் வாடிக்கையாளர்கள் குறைந்தார்கள். மற்றக் கடைக்காரர்கள் கல்லாவுக்குப் பின்னால் இருந்து திட்டினார்கள். நீங்கள் சேலையை மாற்றிக்கொண்டு கவுன்சில் கூட்டத்துக்கே போய்விட்டீர்கள். அங்கே நீங்கள் சொன்னதை முழுதாக உட்கார்ந்து கேட்ட ஒரே மனிதர் நீலக் கட்சிக் கிளையின் தலைவர் பீட்டர். அந்தக் கிழமையே கட்சியில் சேர்ந்துவிட்டீர்கள்.

எங்கள் இலங்கைத் தமிழ் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் சிவப்புக் கட்சி. அகதியாக வந்த நாளில் உதவியவர்களுக்குத்தான் எங்கள் வாக்கு என்று இருந்தவர்கள். நீங்கள் மட்டும், "கஷ்டப்படுறவைக்கு ஒரு கட்சி இருக்கு. கஷ்டப்பட்டு எழும்பினவைக்கும் ஒண்டு வேணும்" என்பீர்கள். "நானும் அரசாங்கத்தின்ரை பெனிபிட் காசிலை இருந்தனான். அப்ப நான் எழும்பாதவளோ?" என்று கேட்டுவிட்டு ஒரு கிழமை உங்களோடு பேசாமல் இருந்தேன். நீங்கள் மீன்குழம்போடு வந்து என்னைச் சமாதானப்படுத்தினீர்கள். கருத்தை மட்டும் மாற்றவில்லை.

சனிக்கிழமை என்றால் நீலச் சேலை, குதிகால் இல்லாத சப்பாத்து, தோளில் துண்டுப்பிரசுரப் பை. அண்ணை கடையிலிருந்து, "அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்ட கதையாப் போகுது" என்று கத்துவார். நீங்கள் திரும்பிப் பார்க்காமலே கை காட்டிவிட்டுப் போவீர்கள். கடையின் பின்னறையில் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் கட்சிப் பேப்பர்கள் அடுக்கியிருக்கும். கிளைக் கூட்டம் என்றால் ரோல்ஸும் வடையும் உங்கள் வீட்டிலிருந்துதான் போகும். வெள்ளைக்காரர்கள் உங்கள் ரோல்ஸைப் புகழாத கூட்டமே இல்லை.

ஒருமுறை என்னையும் இழுத்துக்கொண்டு போனீர்கள், ஞாபகமா? முதல் வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். எங்களை உள்ளே கூப்பிட்டு இருத்தி, தேத்தண்ணி தந்து, "ஓம் பிள்ளை, கட்டாயம் போடுவம். இதைக் கேட்கவும் வேணுமோ?" என்றார். எனக்கு ஒரே புளுகமும் சந்தோசமும். வெளியே வந்ததும் நீங்கள் கையிலிருந்த தாளில் அந்த வீட்டை வெட்டிவிட்டீர்கள்.

அடுத்த வீடு சிவராசா அண்ணையுடையது. ஜெர்மனியிலிருந்து வந்து இங்கே மினிகாப் டாக்சி ஓடுகிறவர். கதவைத் திறந்ததும் பிடித்துக்கொண்டார். "அகதியள் கூடிப்போச்சாம் எண்டு உங்கடை ஆக்கள் ரீவியிலை கத்துகினம். நீங்கள் அகதியின்ரை வீட்டுக் கதவைத் தட்டி வோட்டுக் கேட்கிறியள். வெக்கமாயில்லையோ?"

"வெக்கமாத்தான் இருக்கு. அதாலைதான் உள்ளுக்குப் போய் அவையோடை கத்துறன். நீங்கள் வெளியிலை நிண்டு கத்துறியள். ஆருக்குக் கேட்கும், சொல்லுங்கோ பாப்பம்?"

வாசலிலேயே நின்று சண்டை. பக்கத்து வீட்டுக்காரி திரையை விலக்கிப் பார்த்தாள். எனக்கு எங்கே ஒளிவது என்று தெரியவில்லை. தெருமுனைக்கு வந்ததும் நீங்கள் சிரித்தீர்கள். "இந்த வீடு எங்கடை. மச்சாள், எங்கடை சனம் வாசலிலை வந்தவைக்கு இல்லையெண்டு சொல்லாது. அது மரியாதை. ஓம் ஓம் எண்டு தேத்தண்ணி தந்தால் எழும்பி வந்திட வேணும். சண்டை பிடிக்கிறவன்தான் யோசிக்கிறான். யோசிக்கிறவனைத்தான் மாத்த ஏலும்."

எத்தனை வாசல் கண்ட அறிவு அது! கிளையில் ஒருவருக்கும் அது இல்லை. உங்கள் தாளை நம்பித்தான் அவர்கள் தேர்தலன்று யாரை வீட்டிலிருந்து கூட்டிவருவது என்று முடிவெடுத்தார்கள். அப்படியிருந்தும் உங்களை ஏன் நிறுத்தவில்லை?

முதல்முறை நீங்கள் வேட்பாளராக நிற்கக் கேட்டபோது வீடு விற்கும் ஏஜென்ட் ஒருவரைப் போட்டார்கள். வந்து என்னிடம், "அடுத்தமுறை கட்டாயமாம் மச்சாள். பீட்டர் கையைப் பிடிச்சுச் சொன்னவர், நெக்ஸ்ட் டைம், டெபினிட்லி எண்டு" என்றீர்கள். முகமெல்லாம் சிரிப்பு. அந்த ஏஜென்டுக்காக மழையில் நனைந்து நடந்தீர்கள். இரண்டாம் முறை, போன இலையுதிர்காலத்தில், வட்டாரம் இன்னும் ஒரு தமிழ்ப் பெயருக்கு ஆயத்தமில்லை என்றார்கள். மறுபடியும் நெக்ஸ்ட் டைம். மறுபடியும் அதே ஏஜென்ட். மறுபடியும் நீங்கள் பையைத் தோளில் போட்டீர்கள்.

தைப்பொங்கலுக்கு முதல்கிழமை, கடையில் பேப்பர் கட்டை அவிழ்க்கக் குனிந்த நீங்கள் நிமிரவில்லை. நெஞ்சுவலியை யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தீர்களாம். டொக்டர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அதற்கும் எனக்குக் கோபம்.

உங்கள் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு மண்டபத்தில் சனம் நிறைந்துவிட்டது. "பொம்பிளைக்கு ஏன் வெள்ளைக்காரரோடை தெருத்தெருவாய்த் திரியிற வேலை?" என்று முதுகுக்குப் பின்னால் கதைத்தவர்கள் எல்லாம் முன்வரிசையில் இருந்து கண்ணைத் துடைத்தார்கள். பீட்டரும் கறுப்புக் கோட்டில் வந்தார். பக்கத்தில் ரமணன் என்று ஒரு தமிழ்ப் பெடியன். கணக்காளர், நல்ல ஆங்கிலம், இந்தப் பக்கத்துக்குக் குடிவந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஏஜென்டை வேறு வட்டாரத்துக்கு மாற்றிவிட்டார்களாம். இங்கே இனி வேட்பாளர் ரமணன்தானாம்.

நீங்கள் உயிரோடு இருந்தபோது தமிழ்ப் பெயருக்கு ஆயத்தமாகாத வட்டாரம், நீங்கள் செத்து ஒரு மாதத்துக்குள் ஆயத்தமாகிவிட்டது! எப்படி மச்சாள்?

சாப்பாட்டுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே ரமணன் என்னிடம் வந்தான். "அன்ரி, பவளம் அன்ரியின்ரை கனவை நாங்கள்தான் நிறைவேற்ற வேணும். நீங்கள் என்னோடை வீடு வீடாய் வரவேணும்" என்றான்.

"அவவின்ரை கனவு நீரோ?" என்று கேட்டேன். அவன் சிரித்தான். பகிடி விடுகிறேன் என்று நினைத்திருப்பான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுதால் ஆட்டுக்குச் சிரிப்பா வரும்?

நான் போகவில்லை. அண்ணை போனார். உங்கள் கல்யாணப்படம் போட்ட பிரேமிலிருந்து உங்களை மட்டும் வெட்டி எடுத்துக் கொடுத்ததும் அவர்தான். மரண அறிவித்தல் அடிக்கிற அச்சகத்திலேயே துண்டுப்பிரசுரத்தையும் அடித்தார்கள். நீலக் கரை, நடுவில் முட்டை வடிவத்தில் உங்கள் முகம், கீழே இன்ன இடத்தைப் பிறப்பிடமாகவும் இன்ன இடத்தை வதிவிடமாகவும் கொண்ட என்று எங்கள் ஆட்கள் செத்தவர்களுக்கு எழுதுகிற அதே வாசகம். ரமணனின் படமும் பெயரும் அடியில் முத்திரை அளவில். சனம் அதை உங்கள் செத்தவீட்டு நன்றி நவிலல் அட்டை என்று நினைத்து மரியாதையோடு வாங்கி, மடித்து, சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டது. அடியில் என்ன இருக்கிறது என்று யார் பார்த்தார்கள்?

வாசலில் பெண்சாதியை இழந்த மனிதர் நிற்கிறார். கையில் அவளுடைய படம். யாருக்கு அவரோடு சண்டை பிடிக்க மனம் வரும்? எல்லா வீட்டிலும் ஓம் ஓம் என்றார்கள். தேத்தண்ணி கொடுத்தார்கள். சிவராசா அண்ணைகூடச் சண்டை பிடிக்காமல் தலையை ஆட்டினாராம். ரமணன் தமிழ் வீடு எல்லாவற்றுக்கும் சரி போட்டுக்கொண்டு போய்ப் பீட்டரிடம் கொடுத்தான். கிளையில் அன்றைக்கே வென்றமாதிரிப் பேச்சு. தேர்தலன்று எங்கள் ஆட்கள் வழக்கம்போல வேலைக்குப் போனார்கள், வந்தார்கள், சமைத்தார்கள். வாக்குச் சாவடிக்குப் போன கொஞ்சப் பேரும் பழையபடி சிவப்புக்குப் போட்டுவிட்டு வந்தார்கள்.

அண்ணையை நன்றாகப் பேசினேன். "செத்தவளை விக்கிறியளோ?" என்றுகூடக் கேட்டுவிட்டேன். அவர் கல்லாவைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அவ நடந்த தெருவிலை ஒருக்கால் நடந்து பாப்பம் எண்டுதான் போனனான் பிள்ளை. இருந்த காலத்திலை ஒருநாளும் கூடப் போகேல்லை" என்றார். அதற்குமேல் அவரோடு என்ன கோபிப்பது?

தோற்று இரண்டொரு நாளில் பீட்டர் கடைக்கு வந்தார். நான்தான் நின்றேன். "உங்கள் ஆட்கள் எல்லோரும் எங்களுக்கு ஓம் என்றுதானே சொன்னார்கள்? இனி யாரை நம்புவது?" என்று ஆங்கிலத்தில் மிகவும் மரியாதையாகக் குறைப்பட்டார். என் முகத்தைப் பார்த்தவர் குரலை இறக்கி, "உங்களைப் போல ஒருவர் எங்களுக்குத் தேவை. ஒருவேளை, நெக்ஸ்ட் டைம்..." என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது மச்சாள். அந்த நெக்ஸ்ட் டைம்தான் அவர்களுடைய தேத்தண்ணி. வாசலில் நிற்கிறவரை நோகாமல் அனுப்புகிற மரியாதை. தமிழ் வீடுகளின் ஓம் எல்லாவற்றையும் கேட்ட மாத்திரத்தில் எடைபோட்ட நீங்கள், வெள்ளைக்காரருடைய ஓமை மட்டும் அப்படியே எடுத்துக்கொண்டீர்களே! ஆங்கிலத்தில் சொன்னால் பொய் இராது என்று நினைத்தீர்களா? ஏன் ஒருநாளாவது அவரோடு வாசலில் நின்று சண்டை பிடிக்கவில்லை?

நான் பிடித்தேன். "பவளம் மச்சாளை நிறுத்துகிற எண்ணம் உங்களுக்கு ஒருநாளாவது இருந்ததா? ஓமா, இல்லையா?" என்று கேட்டேன்.

"அவரை எங்கள் எல்லோருக்கும் மிகவும் பிடிக்கும்."

"நான் அதைக் கேட்கவில்லை."

பேப்பர் அடுக்கைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். "இல்லை. வெல்லமாட்டார் என்று நினைத்தோம்" என்றார். நீங்கள் மழையில் நனைந்ததும் ரோல்ஸ் சுட்டதும் கறிவேப்பிலையாகக் கிடந்ததும் அந்த ஒரு சொல்லுக்குத்தான். உங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய பதில் எனக்குக் கிடைத்தது. நான் கடைக் கதவைத் திறந்துவிட்டேன். அவர் போய்விட்டார்.

பின்னேரம் சிவராசா அண்ணை ஊருக்குக் கதைக்கப் போன்காட் வாங்க வந்தார். ஊரில் சண்டை நின்று, சமாதானம் நிலைக்குமோ இல்லையோ என்று எல்லாரும் இரவு பகலாகப் பேசுகிற காலம் இது. வீட்டுக்குப் போகாமல் நின்றார். நான் கேட்காமலே சொன்னார்.

"தங்கச்சி, நான் இந்தமுறை போடேல்லை. அவ நிண்டிருந்தால் போட்டிருப்பன். கட்சியைப் பாத்திருக்கமாட்டன். எத்தினை தரம் என்ரை வாசலுக்கு வந்தவ! வந்த நேரமெல்லாம் வேறை ஆருக்கோ கேட்டவ. தனக்கெண்டு ஒருக்காலும் கேட்கேல்லை."

அவர் போன பிறகு கல்லாவில் இருந்து அழுதேன். நீங்கள் போன அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

இனி இதைக் கேளுங்கள். நீங்கள் மகிழ்வீர்களோ கத்துவீர்களோ தெரியாது, கேட்டுத்தான் ஆகவேண்டும். ஒவ்வொரு வீடாகப் போய் அந்த நீலக்கரைப் படத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டிருக்கிறேன். வாங்கும்போதே சொல்கிறேன், அடுத்த கவுன்சில் தேர்தலில் நான் நிற்கப்போகிறேன் என்று. எந்தக் கட்சி என்று கேட்கிறார்கள். ஒரு கட்சியும் இல்லை என்கிறேன். அன்றைய அந்த முதல் வீட்டு ஆசிரியர் தேத்தண்ணி வைக்க எழும்பினார். வேண்டாம், மனதில் இருப்பதைச் சொல்லுங்கள் என்றேன். அவர் திரும்ப இருந்துகொண்டு, "உமக்கு என்ன தெரியும் எண்டு நிக்கிறீர்?" என்று தொடங்கினார். மத்தியானம்வரை விடவில்லை.

வெல்வேனோ என்று எனக்குத் தெரியாது. உங்கள் பெயரைச் சொல்லி ஒரு வாக்கும் கேட்கமாட்டேன், உங்கள் படத்தை ஒரு வாசலுக்கும் கொண்டுபோகமாட்டேன். எனக்குப் போடுங்கள் என்றுதான் கேட்பேன் மச்சாள். நீங்கள் கேட்காமல் போனதை, என் வாயால், எனக்காகக் கேட்பேன். இது சத்தியம்.

என்றும் உங்களோடு ஒத்துப்போகாத,
உங்கள் புருசனின் தங்கச்சி,
உங்கள் மச்சாள்
சாந்தா