சொல்லாமல் விட்ட வசனம்

2004 பெப்ரவரி 12, வியாழன். வவுனியா.

இன்று காட்டோரத்து வேடர் குடியிருப்புக்குத் தடுப்பூசி போடப் போனேன். நல்லம்மாவின் மூன்று வயது மகள் போன கிழமை சளிக்காய்ச்சலில் இறந்தது அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

"ஏன் ஆசுபத்திரிக்குக் கொண்டுவரேல்லை?" என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"நீங்கள்தானே மிஸ்ஸி சொன்னனீங்கள், எங்கட சனத்தின்ர ரத்தத்துக்கு இந்தக் காய்ச்சலை எதிர்க்கிற சக்தி குறைவு எண்டு. அதுதான் பிள்ளையை அலைக்கழிக்காமல் மடியிலேயே வைச்சிருந்தனான்."

ஓம், நான்தான் சொன்னேன். போன வருடம் அவர்களின் இரத்தத்தை எடுத்து ஆராய்ந்த கொழும்பு டொக்டர் ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். பரம்பரையால் அப்படி இருக்கலாம் என்றார். ஆனபடியால் காய்ச்சல் கண்ட அன்றே கொண்டுவரச் சொல்லுங்கள், காப்பாற்றலாம் என்றார். அதை நான் தமிழில் சொல்வதற்குள் வான்காரன் ஹோர்ன் அடித்தான். இது தெரிந்த விஷயம்தானே என்று நானும் ஏறிவிட்டேன்.

நல்லம்மா என்னை ஏசவில்லை. புறப்படும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கள் முன்னமே சொன்னது நல்லதாப் போச்சு மிஸ்ஸி. இல்லாட்டி நான் ஏதோ செய்யாமல் விட்டுத்தான் பிள்ளை போட்டுதெண்டு நினைச்சிருப்பன்."

இன்றும் டொக்டரின் அந்த இரண்டாவது வசனத்தை நான் அவளுக்குச் சொல்லவில்லை.