மயிலாத்தாளின் ரிக்கார்டும் மாரப்பன் கல்யாணமும்

பெருமாட்டி,
20-10-1976

அன்பு மகள் மயிலாத்தாளுக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் தம்பி மாரப்பனும் மாரியம்மன் புண்ணியத்தில் சுகம், கறவை மாடு ஒன்று மட்டும் கால் நொண்டுகிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமா என்று உன் கடிதத்தில் தேடித் தேடிப் பார்த்தேன். கச்சேரி, கிதார், ரிக்கார்டு என்று பக்கம் பக்கமாக எழுதியவள் உடம்பு எப்படி என்று ஒரு வரி எழுதவில்லை. அவ்வளவு சத்தமாகக் கத்துவதற்குத் தெம்பு இருக்கிறதென்றால் சுகமாகத்தான் இருப்பாய் என்று நானாகவே எடுத்துக்கொண்டேன்.

தை மாதக் கச்சேரிகளுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று, தம்பி கல்யாணத்துக்கு வர முடியாது, இணைச்சீருக்குச் சித்தப்பா மகளை நிறுத்திக்கொள்ளுங்கள் என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இணைச்சீர் என்றால் கூடப்பிறந்தவள் மூங்கில் பேழையை எடுத்துக்கொண்டு தம்பி பக்கத்தில் நிற்க வேண்டும், கூறைச்சேலையின் ஒரு தலைப்பு அவனிடத்திலும் மறு தலைப்பு உன் பேழையிலும் இருக்க வேண்டும், அப்புறம்தான் தாலி. இதையெல்லாம் உனக்கு நான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது பார். உன்னை டெட்ராய்ட்டுக்கு அனுப்பியது எதற்கு? மாப்பிள்ளை அர்த்தநாரி கார் கம்பெனியில் இஞ்சினியர், போய்க் குடும்பம் நடத்து என்றுதான் அனுப்பினோம். பக்கத்து வீட்டு இளவட்டங்கள் கார் ஷெட்டில் போடுகிற சத்தம் தாங்காமல் சண்டை போடப் போனவள், அவர்களோடு சேர்ந்து நீயும் சத்தம் போட ஆரம்பித்துவிட்டாய். முதலில் பள்ளிக்கூட ஹால் என்றாய், சரி என்றேன். அப்புறம் காலேஜ் என்றாய், அதற்கும் சரி என்றேன். இப்போது பீர் குடிக்கிற கடைகளில் பாடுகிறாயாம். கள்ளுக்கடையில் பாடுவதற்கா ஏரோப்பிளேன் ஏறினாய், நம் சித்தூர் தாலூக்கில் இல்லாத கள்ளுக்கடையா? இங்கேயே பாடியிருக்கலாம், பொழுதோடு வீட்டுக்கு வந்து மாட்டுக்குத் தண்ணியாவது காட்டியிருப்பாய். குலதெய்வத்தின் பேரை வைத்தால் அதை மைலா என்று வெட்டிக்கொண்டாய், தலைமுடியையும் வெட்டிக்கொண்டாய். ரிக்கார்டு அட்டையில் பேண்ட் போட்டு ஸ்பீக்கர்ப் பெட்டி மேல் காலை வைத்துக்கொண்டு நிற்கிற படத்தை நான் யாரிடம் காட்டுவது? இந்தப் பக்கம் காட்டினால் பொட்டு எங்கே என்கிறார்கள், அந்தப் பக்கம் காட்டினால் யார் இந்தப் பையன் என்கிறார்கள்.

மாப்பிள்ளையாவது கண்டிப்பார் என்று பார்த்தால் அவர் லீவு நாளில் உன் பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக வருகிறாராம். நன்றாகப் பாடுகிறாள் மாமா, நான் என்ன செய்ய என்று எனக்கே எழுதுகிறார். உன் குரல் கோடித் துணியைக் கிழிக்கிற மாதிரி இருக்கிறது என்று அங்கே ஏதோ பத்திரிகையில் போட்டதை வெட்டி அனுப்பியிருக்கிறார், அது பாராட்டாம். பெரிய கம்பெனிக்காரன் வந்து, கொஞ்சம் குரலை இறக்கு, சேலை கட்டிக்கொண்டு காதல் பாட்டுப் பாடு, நாடு முழுக்க ரேடியோவில் போடுகிறேன் என்றானாம், நீ முடியாது என்றாயாம். இப்போது காலேஜ் பிள்ளைகள் நடத்துகிற ரேடியோவில் மட்டும்தான் உன் பாட்டு, ரிக்கார்டு அட்டைக்கு நீங்களே அடுப்படியில் உட்கார்ந்து பசை தடவுகிறீர்களாம். சேலை கட்டச் சொன்ன ஒரே ஆள் அவன்தான், அவனையும் விரட்டிவிட்டாய். உன் அம்மா காளியாத்தாளும் இப்படித்தான், வேண்டாம் என்று ஒருதரம் சொன்னால் சாமியே வந்தாலும் தலையாட்ட மாட்டாள். அந்தப் பிடிவாதம் இத்தனை கடல் தாண்டிப் போயிருக்கிறது.

இனி உன் ரிக்கார்டு இங்கே செய்த காரியத்தைக் கேள். போன வாரம் வாளையாரிலிருந்து பெண் வீட்டார் நம் வீடு பார்க்க வந்தார்கள். மைக்செட்டுக்குக் கொழிஞ்சாம்பாறைக் குப்பண்ணன், தென்னை மரத்தில் குழாய் கட்டிப் பக்திப் பாட்டெல்லாம் போட்டுக்கொண்டிருந்தான். என் அக்கா பாட்டும் கேட்கட்டும் என்று உன் தம்பி எனக்குத் தெரியாமல் உன் ரிக்கார்டை அவனிடம் கொடுத்துவிட்டான். சம்பந்தி குருசாமிக்குப் பாயசம் ஊற்றுகிற நேரம். முதலில் தகரத்தை உருட்டுகிற மாதிரிச் சத்தம், அமெரிக்காப் பாட்டு அப்படித்தான் இருக்கும் என்று சமாளித்தேன். அப்புறம் மேளமெல்லாம் நின்று உன் குரல் மட்டும் தனியாக இழுத்தது பார், அடுத்த தோட்டத்துப் பெண்களெல்லாம் நம் வீட்டில் சாவு விழுந்துவிட்டது என்று தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு ஓடி வந்துவிட்டார்கள். ஏனுங்க மாமா, ஊட்டுல ஆருக்குங்க என்னாச்சு என்று என் முன்னால் வந்து நிற்கிறார்கள். பெண் வீட்டார் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டார்கள். நல்ல காரியத்தில் ஒப்பாரி, எனக்கு மானமே போயிற்று. அடேய் நிறுத்துடா என்று குப்பண்ணனைப் பார்த்துக் கத்தினேன்.

உன் பூவாத்தாள் அத்தை சமையற்கட்டிலிருந்து வந்து, நிறுத்தாதீங்கண்ணா, அது காளியாத்தா அண்ணிக்கு அழுவுற அழுவைங்க, புள்ள இப்பத்தான் அழுவுது என்றாள். அம்மா போனபோது தந்தி பிந்தி வந்ததும் பனி கொட்டி ஏரோப்பிளேன் நின்று நீ வர முடியாமல் போனதும் எனக்குத் தெரியும், அவளுக்கு அதெல்லாம் கணக்கில்லை. பெத்தவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் என்று நேற்று வரைக்கும் உன்னைக் கரித்துக்கொட்டியவள் அவள்தான். அவளே முதலில் கீழே உட்கார்ந்தாள், மற்றவர்கள் தோளோடு தோள் கட்டிக்கொண்டு சுற்றி உட்கார்ந்தார்கள். இங்கிலீஷில் நீ என்ன சொன்னாய் என்று ஒருத்திக்கும் தெரியாது, ஆனால் நீ இழுத்த இடத்தில் எல்லோரும் இழுத்தார்கள். முடிந்ததும் குப்பண்ணன் யாரையும் கேட்காமல் மறுபடி ஊசியை வைத்தான். நானும் அழுதேன், அதைச் சொல்வதற்கு என்ன.

பெண் வீட்டார் கை கழுவிவிட்டுப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். குருசாமி எழுந்து வந்து, தாய்க்கு இப்பிடி அழுவுற பொண்ணு தம்பிக்கு வந்து நிக்கோணுங்க, அது இணைச்சீருக்கு நின்னாத்தான் எம் பொண்ணக் குடுப்பேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வேறு யாரை நிறுத்தினாலும் ஒத்துக்கொள்ள மாட்டாராம். எங்கள் பொண்ணு பீர்க்கடைக்கு வாக்குக் கொடுத்துவிட்டாள் என்று அவரிடம் நான் எந்த வாயால் சொல்வது? மாரப்பன் அந்தப் பெண்ணைக் கண்ணால் பார்த்த பிறகு வேலை ஓடாமல் தென்னந்தோப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறான். முடிச்சைப் போட்டது உன் தொண்டைதான், நீயே வந்து அவிழ்த்துவிட்டுப் போ.

பேழையை இறக்கித் தூசி தட்டி வெயிலில் வைத்திருக்கிறேன். உன் சித்தப்பா மகளிடம் அதைத் தொடாதே என்றும் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. குளிரில் வெந்நீர் குடி, தொண்டையைப் பார்த்துக்கொள். தைக்குள் முடி வளர்ந்தால் நல்லது, வளராவிட்டால் அப்படியே வா. மாரியம்மன் உங்கள் இருவருக்கும் துணை இருப்பாள்.

இப்படிக்கு,
உன் அப்பா,
செங்கோட்டையன்

பி.கு. கல்யாணத்தில் அந்தப் பாட்டைப் பாடிவிடாதே. மறுநாள் தோட்டத்தில் அம்மாவை அடக்கம் செய்த இடத்துக்கு நாம் இரண்டு பேரும் போவோம், அங்கே பாடு. குப்பண்ணன் மைக்செட் கொண்டுவரட்டுமா என்று கேட்டான், வேண்டாம் என்றேன். உன் சத்தம் அவளுக்கு அது இல்லாமலே கேட்கும்.