கொப்பரைச் செடிக்கு வரிசை நீக்கிய திருமுகம்

மழை தப்பாது பெய்க; மலை தழைக்க; பிள்ளை தாங்கிய வயிறு குளிர்க.

கடல்நாடு முழுதும் ஒரு குடைக்கீழ் ஆண்டு, பகைவர் கனவிலும் வாளோசை எழுப்பும் பேராற்றலர், நெய்தலூர்க் கோட்டைக்கு உடையவர், கோப்பெருஞ்சேந்தர் எழுதுவித்த திருமுகம். இவ்விடத்தில் இன்னும் பல விருதுப்பெயர்களை எழுதுவது மரபாயினும், 'அத விடும் நாகா, எம்மக படிக்கிற ஓலை இது. நான் எந்தச் சண்டைக்குப் போனேன், எந்தச் சண்டைக்கு வயித்துவலின்னு படுத்தேன்னு அவளுக்குத் தெரியும்' என்று அரசர் திருவாய் மலர்ந்தருளியமையால் எழுத்தாணி இத்துடன் நிறுத்தப்பட்டது.

முகில் தோயும் மலைநாட்டு அரண்மனையில், மிளகுக்கொடி நிழற்ற, அருவி பாட, அரசர் நெடுங்கீரர் அருகமர்ந்து அரசு செய்யும் பட்டத்தரசி அல்லியங்கோதைப் பிராட்டியார் இதைக் காண்க. பிராட்டியார் நாட்டில் விளைச்சல் பெருகுக. மருமகனார் வேட்டையில், பின்னர் பெருமை பேசும் அளவுக்கேனும், வெற்றி பெறுக. மாமியார் பெருமாட்டியாரின் முழங்கால் நோவும் அதனால் வரும் சினமும் ஒருங்கே தணிக. நடந்ததை நடந்தபடியும் பேசியதைப் பேசியபடியும் எழுதுக, பூச்சு வேண்டா என்பது அரசர் ஆணையாதலின், திருமந்திர ஓலை எழுதும் காரிநாகன் மேல் பிராட்டியார் சினம் கொள்ளற்க.

காரியம் யாதெனில்:

ஆனித் திங்கள் தொடக்கத்தில் மலைநாட்டுத் தூதன் வந்து பணிந்து, பிராட்டியாருக்கு மசக்கை மிகுந்து கஞ்சியும் தங்காது இளநீரும் தங்காது போயிற்றென்றும், வைத்தியர் ஊட்டிய லேகியம் அவ்வைத்தியர் மேலேயே திரும்பிற்றென்றும், நெய்தலூர் உப்பரிகையில் தாம் நட்டுவந்த டிராகன் செடியின் பழம் ஒன்று கிடைத்தால் உண்பேன் என்று பிராட்டியார் சொன்னாரென்றும் அறிவித்தான். தலைச்சூலியின் முதல் ஆசைக்குத் தாய்வீட்டில் விளைந்ததே செல்லவேண்டும், வாங்கிய பண்டம் ஆகாது என்பது இரு நாட்டுக்கும் பொதுவழக்கு. அரசர் மலர்ந்த முகத்தோடு, அனுப்பினோம் என்று கொள்க என்றார். அச்செடி அன்றுவரை ஒரு பழமும் பழுத்ததில்லை.

கீழ்க்கடல் மாலுமி ஒருவன் டிராகன் என்று பெயர் சொல்லிப் பழக்கூடையோடு தந்த, கள்ளிக்குத் தங்கை போன்ற முள்தண்டை, அன்று சிறுமியாயிருந்த பிராட்டியார், பட்டத்து யானைக்குக் கவளம் வேகவைத்து அடி ஓட்டையாகிப்போன கொப்பரையில் மணலும் மக்கிய எருவும் கலந்து நட்டது பிராட்டியார் அறிந்ததே. அறியாதது, பிராட்டியார் மணமுடித்துச் சென்ற பின் அச்செடிக்கு நேர்ந்த பெருமை.

மகள் இல்லாத வீட்டில் அந்திப்பொழுதை எங்கே கொண்டுபோய்க் கழிப்பது என்று தெரியாத அரசர், நாள்தோறும் உப்பரிகை ஏறி அச்செடியோடு பேசலானார். இன்று இன்னார் வழக்கு வந்தது, இன்று மீன்குழம்பில் உப்புக் கூடிற்று என்ற அளவில்தான் பேச்சு. அரண்மனைச் சிறப்புகளுக்கு அதிகாரியாகிய வரிசைநாயகம் மழவரையர் இதைக் கண்டார். அரசர் நாள்தோறும் உரையாடும் ஒருவருக்கு உரிய வரிசை இல்லாதிருப்பது அரசுக்கு இழுக்கு என்று தீர்மானித்தார். அவ்வாறே செடிக்கு வெண்கொற்றக்குடை விரித்து வெயில் மறைக்கப்பட்டது. காலையும் மாலையும் குடம் குடமாக நீராட்டு நடந்தது. பூ மலரும் அந்தியில் சங்கு முழங்கவும், பூச்சி ஏதும் அரச மலரைத் தீண்டாதவாறு இருபுறமும் சாமரம் வீசவும் ஆள் நியமிக்கப்பட்டனர். இளவரசியார் நட்ட செடிமேல் கத்தி படலாகாது என்று கல்லில் வெட்டியும் வைக்கப்பட்டது.

செடியோ தண்டுமேல் தண்டாகச் சிக்குண்டு, அடியில் மஞ்சளித்து, ஆயினும் இரு கை கொள்ளாத வெண்பூக்களை அந்தியில் விரித்து விடியலில் துவளவிட்டுக்கொண்டிருந்தது. அப்பூக்களின் புகழ் ஓலைதோறும் மலைநாட்டுக்கு எழுதப்பட்டது. காய் உண்டா என்று பிராட்டியார் கேட்கவில்லை. இல்லை என்று சொல்ல இங்கே எவருக்கும் தோன்றவில்லை.

தூதன் சென்ற மறுநாள் அவை கூடிற்று. படைத்தலைவர் எழுந்து, 'உத்தரவு குடுங்க மன்னா, அந்தப் பழம் விளையற தீவையே பிடிச்சிருவோம்' என்றார். தீவு எங்கே உள்ளது என்று வினவியதற்கு, 'கிழக்கால' என்று கூறி அமர்ந்தார். சோதிடர், செடியின் பிறந்த நட்சத்திரம் தெரிந்தாலொழிய ஒன்றும் சொல்வதற்கில்லை என்றார். மழவரையர் மட்டும் தெளிவாக இருந்தார். வரிசை போதாமையே குறை என்றும், ஒற்றைக்குடை இளவரசிக்கு உரியது, பட்டத்தரசி ஆனபின் இரட்டைக்குடையன்றோ முறை என்றும் அவர் எடுத்துரைக்க, அவை மகிழ்ந்து ஒப்பிற்று. இரட்டைக்குடை விரிந்தது, நீர்க்குடங்கள் கூடின. அந்த முறை பூத்த அத்தனையும் மஞ்சளித்து உதிர்ந்தன.

அவ்வமயம் மலைநாட்டிலிருந்து இரண்டாம் தூதன் வந்தான். வளையல்கள் மணிக்கட்டில் நில்லாது கழல்கின்றன என்றும், பழம் புறப்பட்டதா என்று மட்டும் பிராட்டியார் கேட்கச் சொன்னார் என்றும் கூறினான். அரசர் அவனுக்கு உணவிடச் சொல்லிவிட்டு உப்பரிகைக்கு ஏறினார். 'போய்ச் சாப்பிடுங்கடா எல்லாரும்' என்று சாமரக்காரரையும் சங்குக்காரரையும் கீழே அனுப்பினார். ஆட்கள் பார்க்க அழுவது அரசருக்கு வழக்கமில்லை.

பிந்தி வந்த மொட்டு ஒன்று அந்த அந்தியில் விரிந்தது. அரசர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கையில், கொழுத்த விட்டிற்பூச்சி ஒன்று எங்கிருந்தோ வந்து, அரச மலர் என்ற அச்சம் சிறிதுமின்றி உள்ளே புகுந்து, மஞ்சள் பொடியில் புரண்டு, நடுவே நாப்போல் நீண்ட சூல்முடியின்மேல் ஏறி இறங்கி, வெளிவந்து அரசரின் மீசையில் அமர்ந்தது. அரசர் தும்மினார். பூச்சி அகன்றது. வேறொன்றும் நிகழவில்லை.

ஆனால் சில நாள் கழிந்தும் அந்த ஒரு பூவின் அடி மட்டும் உதிராது, பச்சைக் குமிழாகப் பருத்தது. அரசர் படிகளை இரண்டிரண்டாகத் தாவி இறங்கி அரசியார் பாவைநாச்சியாரிடம் ஓடி, பூச்சி வந்த பூ பிடித்துக்கொண்டது, பூச்சியை நாம்தான் விரட்டிவந்தோம் என்று மூச்சிரைக்கக் கூறினார். அரசியார் தாம்பூலத்தை மடித்தபடியே, 'இதுக்கு இவ்வளவு நாள் ஆச்சாக்கும்? நமக்குக் கல்யாணமாகி வருசம் வருசமாப் புள்ள இல்லாம இருந்தது எதனாலயாம்? பள்ளியறையில கூடச் சாமரக்காரன் நின்னான். அவன வெளிய தள்ளிக் கதவச் சாத்துன பெறகுதான் கோதை பொறந்தா' என்றார். இதை எழுதவேண்டா என்று அரசர் தடுத்தார். எழுதியே ஆகவேண்டும், அவளும் இப்போது பிள்ளைத்தாய்ச்சி என்பது அரசியார் ஆணை. அரசியார் ஆணை மேலானது.

அன்றே அரசர் செடியின் வரிசையனைத்தையும் நீக்க ஆணையிட்டார். மழவரையர் கண்ணீர் மல்க வந்து, 'பட்டத்தரசி செடிக்குக் கொடையப் புடுங்கினா, அவங்களச் சிறுமைப்படுத்துன மாதிரி ஆகாதுங்களா?' என்றார். அச்சொல் அரசரைத் தைத்தது. மகளுக்கென்று வைத்ததை எடுப்பது மகளையே இன்னொரு முறை வழியனுப்புவது போலிருந்தது. அரசியார்தாம், 'மழவரையரே, எம்பொண்ணு அங்க பட்டினி கெடக்கா. கொடையக் கரைச்சுக் குடிப்பாளா?' என்றார். ஆணை உறுதியாயிற்று.

அதன்பின் நடந்தவை பிராட்டியார் தம் மாடத்தில் செடி வைக்குங்கால் பயன்படும். குடையை ஒரேயடியாக எடுக்காமல் நாளுக்கு நாள் சாய்த்துச் செடி வெயிலுக்குப் பழக்கப்பட்டது. விரலை மண்ணில் விட்டு, உள்ளே காய்ந்திருந்தாலன்றி நீர் இல்லை என்றாயிற்று; அவ்விரல் அரசருடையதே. கல்லில் வெட்டிய ஆணையின் எதிரே நின்றுகொண்டு, சிக்குண்ட தண்டுகளையும் அழுகியவற்றையும் அரசரே அறுத்தார். எஞ்சிய தண்டுகளைக் கல்தூணில் கட்டி, உச்சியில், எந்தப் போருக்கும் போகாத அரசத் தேரின் சக்கரம் ஒன்றைக் கிடத்தி, அதன்மேல் படர்ந்து நாற்புறமும் தொங்குமாறு விட்டார். ஆட்டெருவும் அடுப்புச் சாம்பலும் அடியில் இடப்பட்டன. அத்தேர் இந்நாட்டுக்குச் செய்த முதல் உதவி அச்சக்கரமே.

அடுத்த மொட்டுகள் விரிந்தபோது விட்டில்கள் வரவில்லை. இத்தனை காலம் சாமரத்தால் அடிவாங்கியவை எளிதில் நம்பிவிடுமா? அரசர் காத்துப் பார்த்து, பின்பு ஓவியரிடம் அணில்மயிர்த் தூரிகை ஒன்றை இரவல் வாங்கி, விளக்கை அரசியார் பிடிக்க, தாமே ஏணியில் ஏறினார். ஒரு பூவின் பொடியைத் தொட்டு மறு பூவின் நாவில் தடவி, 'கொஞ்சம் பொறும்மா, கூச்சமாத்தான் இருக்கும்' என்று ஒவ்வொன்றிடமும் சொல்லிக்கொண்டு விடியுமட்டும் ஏறி இறங்கினார். அதில் ஒருமுறை ஏணி வழுக்கிச் செடிமேல் அமர்ந்தார். முள் எடுக்கப்பட்ட இடம் இவ்வோலையில் எழுதத்தக்கதன்று. மூன்று வேளை உணவும் நின்றபடியே கொண்டார்.

காய்கள் பிடித்தன. கிளிகள் வந்தன. அரசர் தம் பட்டு உத்தரீயங்களைக் கிழித்துக் காய்தோறும் பை கட்டினார். பச்சை சிவந்து, செதில் நுனி வாடத் தொடங்கியதும், விட்டில் தொட்ட அந்த முதல் பழம் அறுக்கத் தயாராயிற்று. அதை எவ்வாறு அனுப்புவதென்று மழவரையர் ஊர்வல முறையொன்று வகுத்தார். யானைமேல் பழம், முன்னே முரசு, வழியிலுள்ள கோயில்தோறும் நிறுத்தம், எல்லையில் எதிர்கொள்ளல், மலையடியில் இளைப்பாறல். இவ்வாறு சென்றால் ஐப்பசி மழைக்குள் சேரலாம் என்றார். அறுத்த பழம் ஒரு கிழமை தாங்கினாலே பெரிது.

அரசர் அதை மறுக்கவில்லை. ஊர்வலம் மிக நன்று, நடக்கட்டும் என்று மட்டும் ஒப்புதல் அளித்தார். ஆதலால் இன்று முரசு முழங்க, குடை விரிய, திரைச்சீலை இழுத்து மூடிய சிவிகை ஒன்று நெய்தலூரிலிருந்து புறப்பட்டு மெல்ல வந்துகொண்டிருக்கிறது. அரசர் அதனுள் எழுந்தருளியிருப்பதாக எல்லாரும் எண்ண, உள்ளே முத்திரை மோதிரமும் திண்டும் மட்டுமே உள்ளன. மழவரையர் அதனைச் சுற்றிச் சாமரம் வீசுவித்து வருகிறார். அவரைத் திருத்த வேண்டா, மகிழ்ச்சியாக இருக்கிறார்.

ஆகவே பிராட்டியார் செய்யத்தக்கது: இவ்வோலை கைக்கு வந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ, கீழைவாயிலில் ஓர் ஆள் வருவார். கொடியில்லை, முடியில்லை. சற்றே தொந்தியுண்டு, ஏற்றத்தில் மூச்சு வாங்கும், தலையில் வைக்கோல் பொதிந்த கூடை. யாரென்றால் பழக்காரன் என்பார். விலை கேட்டால் சொல்லத் தெரியாது. அவரைக் காவலர் தடுக்கலாகாது, முரசு கொட்டலாகாது, மருமகனார் எதிர்வந்து வணங்கலாகாது. நேரே பிராட்டியார் இருக்குமிடத்துக்கு விடுக.

போய்ச் சேர்வதற்குள் மகளின் ஆசை புளிச்சக்கீரைமேல் திரும்பியிருந்தால் என்ன செய்வீர் என்று அரசியார் வினவியதற்கு, 'திங்க வேணாம்னா வேணாம். பக்கத்துல ஒரு நாழி உக்காந்துட்டு வாரேன்' என்றார் அரசர். ஆதலின் பழத்தை உண்டேயாகவேண்டும் என்ற கட்டாயம் பிராட்டியாருக்கு இல்லை. வந்தவருக்கு உட்கார மெத்தென்ற இடம் ஒன்று மட்டும் அமைத்துத் தருக. காரணம் மேலே சொல்லப்பட்டது.

மோதிரம் சிவிகையில் போயினமையால், முள் கீறிய பெருவிரலை அரக்கில் பதித்ததே இவ்வோலைக்கு முத்திரை. கண்டதும் இருவரும் அழலாகாது என்பது அரசர் ஆணை. தாமும் அதற்குக் கட்டுப்படுவதாக வாக்களித்திருக்கிறார். அரசியார் நம்பவில்லை, கூடையில் பழத்துக்கு மேலே ஒரு துண்டு மடித்து வைத்திருக்கிறார்.

இவை காரிநாகன் எழுத்து. இப்படிக்கே செய்க, சுகமாய்ப் பெறுக.