முள் நறுக்கிய தூண்டில்

பிரெடெரிசியா,
ஞாயிறு மாலை.

அன்பு மகள் ஜெனுஷாவுக்கு,

நீயும் மிக்கெலும் சுகமாயிருக்க வேண்டுமென்று மாதாவை மன்றாடுகிறேன். இதைத் தொலைபேசியில் சொன்னால் அழுதுவிடுவேன். அதனால் எழுதுகிறேன். எங்கள் தெருத் தபாற்பெட்டியையும் எடுத்துவிட்டார்கள். நாளை உங்கள் ஓல்போர்க்குக்கு வரும் மாக்கிரட் அன்ரியிடம் கொடுத்துவிடுகிறேன். மெதுவாக வாசி.

சனி, ஞாயிறு அப்பாவும் நானும் சில்கபோர்க் பக்கம் ஏரிக்கரையில் ஒரு சிறு வீடு எடுத்துத் தங்கினோம். மழை விடவேயில்லை. மிக்கெல் முதன்முதல் வீட்டுக்கு வந்தபோது பரிசாகக் கொண்டுவந்த தூண்டில்தடியையும், இறகில் கட்டிய பொய் ஈக்களின் பெட்டியையும் அப்பா காரில் ஏற்றியிருந்தார். இவ்வளவு நாளும் அதைத் தொடாத மனுசன்.

அபோர மீன் பிடிபட்டால் சொதி வைக்கலாமென்று நான் தேங்காய்ப்பாலும் கொண்டுபோனேன். இரண்டு நாளும் முழங்கால் தண்ணீரில் நின்று எறிந்தார். ஒன்றுமில்லை. "மன்னார் ஆள் எண்டு ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ" என்று பகிடி பண்ணினேன். சிரித்தார், சத்தம் வரவில்லை.

இன்று சாமான் அடுக்கும்போதுதான் தூண்டிலில் கட்டியிருந்த பொய் ஈயைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அதன் தூண்டில்முள்ளைக் குறட்டால் நறுக்கியிருந்தார். ஏன் என்று கேட்டேன். "வந்து கொத்துறது கையில தெரியும். எனக்கு அது காணும். பிடிச்சு ஏன் நோகப்பண்ணவேணும்?" என்றார். அவ்வளவையும் சொல்லி முடிக்க மூன்று தரம் மூச்செடுத்தார்.

அப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய், மகள். உனக்குச் சொல்லக்கூடாதென்று சத்தியம் வாங்கியிருந்தார். மாதா என்னை மன்னிக்கட்டும். வெள்ளிக்கிழமை ஒபரேஷன். குரல்வளையை முழுதாக எடுக்கப் போகிறார்கள். பிறகு கருவி வைத்துக் கதைக்கப் பழக்குவார்களாம். அது அவருடைய குரலாக இராது.

நீ மிக்கெலோடு வீட்டைவிட்டுப் போன அன்று, "இனி என்ர குரலை நீ கேக்கமாட்டாய்" என்று கத்தினாரே. அதைப்பற்றி அவர் கதைப்பதில்லை. நானும் கேட்பதில்லை.

இலக்கம் தெரியாத அழைப்பு ஒன்று பின்னேரங்களில் ஒருதரம் அடித்துவிட்டு நின்றுபோகிறது, மிக்கெலுக்குப் பயமாயிருக்கிறது என்று சொன்னாய். பயப்பட வேண்டாம் என்று அவனிடம் சொல். கராஜுக்குள் நின்று அடிப்பவர் அப்பாதான். சொன்ன சொல்லை விடவும் தெரியாது, உன்னை விடவும் தெரியாது அவருக்கு.

இனி அடித்தால் அந்த முதல் மணியிலேயே எடுத்துவிடு, பிள்ளை. அவர் பேசாமல் நின்றால் நீ பேசு. வேலையிடத்திலும் போனைச் சத்தத்தில் வைத்திரு. வெள்ளிவரைக்கும் மட்டும்.

ஆண்டவர் உங்கள் இருவரையும் ஆசீர்வதிப்பாராக.

உன் அம்மா