டார்ச்சில் மாட்டிய பேட்டரி

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். பள்ளி விட்டதும் மாமாவின் படகுப் பட்டறையில் பழைய பெயின்ட் சுரண்டுகிறேன். கைதான் மரத்துப்போகிறது.

இன்று அடிப்பலகையில் துளை போடும்போது டிரில் பாதியில் நின்றுவிட்டது.

“மலிவா பேட்டரி வாங்கினா இப்படித்தான் பல்லிளிக்கும். நாளைக்கும் நின்னா கடைக்காரன் மூஞ்சில வீசறேன்” என்றார் மாமா.

நான் நிமிரவேயில்லை. வீட்டுக்கு எழுதினால் படிப்பு கெடும் என்று அவர் தடுத்திருப்பதால், இரவுகளில் அவர் தூங்கியதும் டிரில்லிலிருந்து அந்தப் பேட்டரியைக் கழற்றி, அதே பேட்டரியில் எரியும் பட்டறை டார்ச்சில் மாட்டித்தான் உங்களுக்கு எழுதுகிறேன். கடையில் சோதித்தால் பேட்டரி நல்லது என்று தெரிந்துவிடும், நானும் மாட்டிக்கொள்வேன்.

இன்று எழுதக்கூடாது என்றுதான் படுத்தேன், முடியவில்லை.

ஒரு சின்ன டார்ச் அனுப்புங்கள். பரீட்சைக்குப் படிக்க என்று மாமாவிடம் சொல்லுங்கள். மிச்ச சார்ஜ் காலையில் அந்தத் துளைக்கு வேண்டும். அணைக்கிறேன் அம்மா.

உங்கள் மகள்